தோழர்கள் ‘முடியாது’ என்று சொல்லும் கேம் எது? நான்கு ஃபேண்டஸி ஆர்பிஜிகள், ஓர் ஒப்பீடு

ஃபேண்டஸி ஆர்பிஜி (கற்பனை உலகக் கதையில் நாமே ஒரு பாத்திரமாக ஆடும் கேம்) ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் “எதில் சாய்ஸ் அதிகம்?” என்றுதான். விற்பவர்களும் அதையே பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஐம்பது, அறுபது மணி நேரம், சில கேம்களில் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒரு கதைக்குள் இருக்கப் போகிறோம். அவ்வளவு நேரமும் கூடவே நடந்து, நம் சண்டையைத் தன் சண்டையாகப் போட்டு, இரவானால் முகாமில் மனம்விட்டுப் பேசுகிறவர்கள் தோழர்கள். நாம் ஒரு கிராமத்தைக் கைவிட்டால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு துரோகியை மன்னித்தால் என்ன சொல்கிறார்கள்? எந்த இடத்தில் “இனி உன்னோடு வரமாட்டேன்” என்று கிளம்புகிறார்கள்? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009), டிராகன் ஏஜ் 2 (2011), பால்டர்ஸ் கேட் 3 (2023), டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட் (2024). மூன்று கனடாவின் பயோவேர் எடுத்தவை, ஒன்று பெல்ஜியத்தின் லாரியன் எடுத்தது. தோழர்களின் அன்பையும் கோபத்தையும் நான்கும் நான்கு விதமாகக் கையாள்கின்றன, அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். உதாரணம் காட்டாமல் இதைப் பேச முடியாது. எனவே கதையின் பெரிய திருப்பங்கள் பல கீழே வெளிப்படும். எதுவும் தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் கடைசிச் சில பத்திகளுக்குத் தாவிவிடலாம்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுபவருக்குச் சாய்ஸ் குறைவாக இருப்பதை நான் குறையாகவே எண்ணுவதில்லை. ஒரு கதவு பூட்டியிருந்தால் அதைப் பூட்டியது யார் என்று பார்க்க வேண்டும். அடுத்த காட்சி இப்படித்தான் வர வேண்டும் என்று கதை எழுதியவர்கள் பூட்டியிருந்தால் எரிச்சல் வரும். கூட வருகிற ஒருத்தி தன் மனசாட்சிக்காகப் பூட்டியிருந்தால் அவள் மேல் மரியாதை வரும். இரண்டிலும் நமக்குக் கிடைக்காமல் போவது ஒன்றேதான், ஆனால் ஒன்று நம்மை வெறும் பார்வையாளராக்குகிறது, மற்றொன்று கதைக்குள் இன்னும் ஆழமாக இழுக்கிறது. இந்த நான்கையும் நான் அளந்தது இதை வைத்துத்தான்: தோழர்களால் மறுக்க முடிகிறதா, மறுத்தால் அந்த மறுப்பு நிற்கிறதா, அல்லது பரிசாலும் பகடையாலும் அதை நாம் துடைத்துவிட முடிகிறதா?

ஒரிஜின்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த அளவில் மிக உயரமாக நிற்கும் ஒரு காட்சி அதில்தான் இருக்கிறது. ஃபெரெல்டன் என்ற நாட்டின் மேல் டார்க்ஸ்பான் என்ற அரக்கர் படை பெருகி வருகிறது. அதைத் தடுக்க உறுதி பூண்ட கிரே வார்டன்கள் ஆஸ்டகர் போரில் அழிகிறார்கள். தளபதி லோகெய்ன் சரியான நேரத்தில் படையை இறக்காமல் பின்வாங்கியதுதான் காரணம். நாட்டில் மிஞ்சிய வார்டன்கள் இரண்டே பேர்: நாமும் அலிஸ்டரும். அலிஸ்டர் தந்தையைப் போல நினைத்த வார்டன் தலைவர் டங்கன் அந்தப் போரில்தான் இறந்தார். கேம் முழுக்க அலிஸ்டர் சிரித்துப் பேசுவான், கிண்டலடிப்பான், முடிவெடுக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிடுவான். ஆனால் டங்கனைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் உடைந்துவிடும்.

அப்புறம் டெனெரிம் நகரில் பிரபுக்கள் சபை கூடுகிறது. லோகெய்னைத் தோற்கடித்து மண்டியிட வைக்கிறோம். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் இன்னொரு மூத்த வார்டன் ஒரு யோசனை சொல்கிறார்: இவனைக் கொல்ல வேண்டாம், வார்டனாக்கிவிடுவோம், நமக்கு ஆள் பற்றாக்குறை. நியாயமான யோசனைதான். போர்த்திறமையில் லோகெய்னுக்கு நிகர் அந்த நாட்டில் ஆள் இல்லை. சரி என்று சொன்னால் அலிஸ்டர் போய்விடுகிறான். அவனுடைய அப்ரூவல் (நம் மேல் அவனுக்குள்ள பிரியத்தைக் காட்டும் எண்) நூறாக இருந்தாலும், நாயகி அவனுடைய காதலியாகவே இருந்தாலும் அவன் நம் அணியில் தங்குவதில்லை. பேசிச் சமாதானம் செய்ய உதவும் திறமை எவ்வளவு இருந்தாலும் அங்கே வேலை செய்யாது. நாம் சேர்த்துவைத்த எந்த எண்ணாலும் டங்கனின் சாவை ஈடுகட்ட முடியாது என்று கேம் அங்கே உறுதியாகச் சொல்கிறது. அவன் அரசனாகாமல் அப்படிப் பிரிந்து போயிருந்தால், அந்த சேவ் கோப்பை அடுத்த பாகத்தில் இறக்குமதி செய்யும்போது கர்க்வால் நகர மதுக்கடையில் குடித்துச் சீரழிந்த நிலையில் அவனைப் பார்க்கலாம். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எந்த ஆர்பிஜியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் இந்தக் காட்சிக்குத்தான் திரும்பி வருகிறேன்.

நம்மோடு வரும் சூனியக்காரி மோரிகனும் அப்படித்தான். படைத்தலைவனான ஆர்ச்டீமனைக் கொல்லும் வார்டனும் கூடவே சாக வேண்டும் என்பது விதி. அதிலிருந்து தப்ப, கடைசிப் போருக்கு முந்தின இரவு அவள் ஒரு சடங்கை முன்வைக்கிறாள். அவளுக்கு அதில் சொந்தக் கணக்கு உண்டு, அதை அவள் மறைப்பதும் இல்லை. மறுத்தால் அந்த இரவே கிளம்பிவிடுகிறாள். தோழியாக எவ்வளவு நெருங்கியிருந்தாலும் சரி. அவள் நம்மோடு வந்ததன் நோக்கமே அதுதான் என்று அப்போதுதான் புரியும்.

இந்தக் கேமில் எல்லைகள் முதலிலிருந்தே தெளிவாக வரையப்பட்டிருக்கின்றன. அந்த உலகின் மதத்தில் வணங்கப்படும் ஆண்ட்ராஸ்டேயின் புனிதச் சாம்பலில் டிராகன் ரத்தத்தை ஊற்றி அசுத்தப்படுத்தினால், அந்த இடத்தில் கூட இருக்கும் லெலியானாவும் வின்னும் நம் மேலேயே ஆயுதம் எடுப்பார்கள். மந்திரவாதிகளின் கோபுரத்தில் இருக்கும் எல்லோரையும் ஒழித்துவிடலாம் என்று சொன்னால், வின் அம்மையார் நம்மோடு சேராமலேயே போரிட்டுச் சாவார். ஸ்டென் என்ற குனாரி வீரன் இன்னும் விசேஷம். டார்க்ஸ்பான் தெற்கே இருக்கும்போது நாம் மலைக்கிராமம் ஒன்றில் சாம்பல் தேடிக்கொண்டிருப்பதைப் பொறுக்க முடியாமல், “உனக்குத் தலைமை தாங்கத் தகுதி இல்லை” என்று நேருக்கு நேர் சண்டைக்கு அழைப்பான். தோற்றால் மனதார ஏற்றுக்கொண்டு பின்னால் வருவான். கோபம் என்பது எண் குறைவது மட்டுமாக இல்லாமல், அவனவன் இயல்புக்கு ஏற்ற செயலாக வெளிப்படுகிறது.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. ஒவ்வொரு தோழருக்கும் மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை ஓர் அளவு. அதைப் பரிசு கொடுத்து ஏற்றிவிடலாம். லெலியானாவின் அம்மாவை நினைவூட்டும் வெள்ளைப் பூ, ஸ்டென் தொலைத்த வாள், ரெட்கிளிஃப் கோட்டையில் கிடக்கும் அலிஸ்டரின் தாயாருடைய பதக்கம் போன்ற பரிசுகள் அருமை. அவை கேட்டறிந்து, தேடிக் கொடுப்பவை. ஆனால் கடையில் கிடைக்கிற நகையையும் மதுவையும் அடுக்கடுக்காகக் கொடுத்தும் அதே பலனைப் பெறலாம் என்பது அந்த அருமையைக் குலைக்கிறது. இன்னொன்று, ஒரு நேரத்தில் மூன்று தோழர்களைத்தான் அழைத்துப் போக முடியும். முகாமில் விட்டுவந்தவர்களுக்கு நாம் செய்யும் பெரும்பாலான காரியங்கள் தெரிவதே இல்லை. லாபமில்லாமல் யாருக்காவது உதவினால் மோரிகனுக்குப் பிடிக்காது. அதனால் உதவும் நாட்களில் அவளை முகாமிலேயே விட்டுவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடும். அப்படி ஆடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அவள் முகம் சுளிப்பதற்காகவே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்டகரில் காப்பாற்றினால் கூடவே வரும் மபாரி நாய் மட்டும் நாம் என்ன செய்தாலும் நம்மை முழுதாக நேசிக்கும். மற்ற எல்லோருடைய அன்புக்கும் நிபந்தனை இருக்கிறது என்பதை அந்த நாய்தான் உணர்த்துகிறது.

இரண்டாம் பாகம் நிறையத் திட்டு வாங்கியது. அதில் பாதி நியாயம். ஒரே நகரம், திரும்பத் திரும்ப வரும் அதே குகைகள், அவசரமாக முடித்த அடையாளங்கள். ஆனால் தோழர்களின் மனநிலையைக் கணக்கிடும் விதத்தில் இவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை அதற்குப் பிறகும் பெரிய கேம் எதிலும் முழுமையாக வரவில்லை என்பது என் கருத்து. இதில் ஒரு முனை நட்பு, மறுமுனை வெறுப்பு அல்ல, போட்டி. மெரில் என்ற மந்திரக்காரத் தோழி ரத்த மந்திரத்தில் இறங்குவதையும், உடைந்த பழைய கண்ணாடியைச் சரிசெய்யத் துடிப்பதையும் நாம் ஒவ்வொரு முறையும் எதிர்த்தால் போட்டி ஏறும். முழுப் போட்டிக்கும் முழு நட்பைப் போலவே பலன் உண்டு, காதல்கூட மலரும். “நீ செய்வது தப்பு” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே ஒருத்தியோடு நிற்க முடியும். நம் வாழ்க்கையில் நம்மை அதிகம் மாற்றியவர்களில் பாதிப் பேர் நம்மோடு சண்டை போட்டவர்கள்தானே.

இதில் மோசமான இடம் நடு இடம். கடற்கொள்ளைக்காரி இசபெலா ஒரு புனித நூலைத் திருடியதால் நகரமே பற்றி எரிகிறது. அவள் நூலோடு ஓடிவிடுவாள். அதற்குள் அவளுடைய கதையைப் பின்தொடர்ந்து, ஆழமான நட்போ ஆழமான எதிர்ப்போ வளர்த்திருந்தால் மட்டும் திரும்பி வருவாள். அவளுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம், பிடிக்காத மாதிரி கொஞ்சம் பேசி ஒப்பேற்றியிருந்தால் அவள் வரவே மாட்டாள். எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க நினைப்பவரை இந்தக் கேம் கடுமையாகத் தண்டிக்கிறது. நான் அதை மனதார வரவேற்கிறேன்.

பூட்டியது யார் என்ற கேள்வி இந்த இரண்டாம் பாகத்தில்தான் கூர்மையாகிறது. ஆண்டர்ஸ் என்ற மந்திரவாதி மூன்றாம் அங்கத்தில் சில பொருட்களைச் சேகரித்துத் தரக் கேட்கிறான். காரணத்தைப் பொய்யாகச் சொல்கிறான். உதவினாலும் மறுத்தாலும் அவன் கர்க்வாலின் சான்ட்ரியை (அந்த உலகின் தேவாலயத்தை) வெடிவைத்துத் தகர்த்துவிடுவான். நண்பனாக்கினாலும் தடுக்க முடியாது, எதிர்த்தாலும் தடுக்க முடியாது. இதைப் “போலிச் சாய்ஸ்” என்று பலர் திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பல வருடம் கூட இருந்த ஒருவன், உள்ளுக்குள் என்ன முடிவெடுத்திருந்தான் என்பது நம் கையில் இல்லை என்ற பயங்கரம் அதில் இருக்கிறது. அதற்குப் பின் அவனைக் கொல்வதா, விரட்டுவதா, கூட வைத்துக்கொள்வதா என்பது முழுக்க நம் பொறுப்பு. உயிரோடு விட்டால் செபாஸ்டியன் கூட நிற்கமாட்டான், படை திரட்டி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவான். (அவன் டிஎல்சி எனப்படும் தனிக் கூடுதல் பகுதியில் வரும் தோழன்.) இந்தப் பூட்டு ஆண்டர்ஸ் போட்டது.

அதே முடிவுக் கட்டத்தில் மந்திரவாதிகளின் தலைவர் ஒர்சினோ விஷயத்தில் கதை எழுதியவர்கள் போட்டிருக்கும் பூட்டைப் பாருங்கள். அவர் பக்கம் நின்று, அவருக்காகப் போராடி, ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ரத்த மந்திரத்தால் ஒரு பூதமாக மாறி நம்மைத் தாக்குகிறார். எதிர்ப்பக்கம் நின்றாலும் அதே சண்டை. அவருடைய குணத்திலிருந்து அது பிறக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய சண்டை வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. ஒரு மணி நேர இடைவெளியில் ஒரே கேம் இரண்டு வகையையும் காட்டிவிடுகிறது. இந்தத் தொடருக்கு அந்தக் கெட்ட பழக்கம் கொஞ்சம் உண்டு. ஒரிஜின்ஸில் சாம்பலருகே லெலியானாவை நாம் கொன்றிருந்தாலும் அவள் பின்னால் வரும் பாகங்களில் உயிரோடு நடமாடுவாள். அவளுடைய கோபத்துக்கும் நம்முடைய குற்றத்துக்கும் அது செய்யும் அநீதி பெரிது.

பால்டர்ஸ் கேட் 3 இந்த நான்கில் மிகப் பெரியது, மிக அழகானது, ஒவ்வொரு காட்சியிலும் நடிப்பு ததும்புவது. 2023-ல் தி கேம் அவார்ட்ஸின் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் தோழர்கள் எதிர்வினை காட்டுவார்கள். யாரைக் கூட்டிப் போகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே உரையாடல் நான்கு விதமாக மாறும். முதல் அங்கத்தில் அகதிகள் தங்கியிருக்கும் எமரால்டு குரோவைக் கொள்ளையர்களோடு சேர்ந்து நாமே தாக்கினால் கார்லாக்கும் வில்லும் பிரிந்துவிடுவார்கள். பதிலுக்கு அந்தத் தாக்குதலை நடத்தும் மின்தாரா தோழியாகக் கிடைப்பாள். இவ்வளவு பெரிய விலையை இவ்வளவு சீக்கிரத்தில் கேட்கும் துணிச்சல் பாராட்டத்தக்கது.

இதில் எனக்கு மிகப் பிடித்த காட்சி ஷேடோஹார்ட்டுடையது. இருட்டின் தெய்வமான ஷாரின் பக்தை அவள். சிறைப்பட்ட நைட்சாங் என்ற பெண்ணை ஈட்டியால் குத்திக் கொன்றால் அவள் கனவு கண்ட பதவி கிடைக்கும். அந்தக் கணத்தில் நாம் மிரட்டலாம், கெஞ்சலாம், பகடை உருட்டலாம். ஆனால் அதுவரை அவளோடு உண்மையாகப் பழகி நம்பிக்கை வளர்த்திருந்தால், எதுவும் செய்யாமல் முடிவை அவளிடமே விட்டுவிடுவதுதான் மிக உயர்ந்த வழி. அவளே ஈட்டியை வீசி எறிவாள். ஆடுபவர் தன் சாய்ஸைக் கைவிடுவதை ஒரு சாய்ஸாக வைத்த இடம் அது.

அப்புறம் கார்லாக். நரகத்தில் அவளுடைய இதயத்தை எடுத்துவிட்டு ஓர் எந்திரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். அது எரிந்துகொண்டே இருக்கிறது. டாமன் என்ற கொல்லன் இரண்டு முறை அதைக் கொஞ்சம் சரிசெய்வான். அதற்கு மேல் வழியில்லை என்று சொல்லிவிடுவான். நாம் கேம் முழுக்க மருந்து தேடினாலும் கிடைக்காது. முடிவில் அவள் எரிந்து சாகலாம், மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயராக மாறலாம், அல்லது தான் தப்பி வந்த அதே அவெர்னஸ் நரகத்துக்குத் திரும்பலாம். அவளுக்கு ஒரு நல்ல முடிவு கொடுங்கள் என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். லாரியன் அவள் முடிவுகளுக்குப் பின்னர் மெருகேற்றியது, முழு விடுதலை கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்று நம்புகிறேன். அவள் சாக விரும்பவில்லை என்று அலறும் காட்சி அவ்வளவு கனமாக விழுவதற்குக் காரணம், நம்மிடம் சரிசெய்யும் பொத்தான் எதுவும் இல்லாததுதான்.

இவ்வளவு இருந்தும் என் அளவுகோலில் பால்டர்ஸ் கேட் 3 முதலிடம் பெறவில்லை. காரணம் பகடை. ரத்தக் காட்டேரியான அஸ்டாரியன் தன்னை இருநூறு ஆண்டு அடிமையாக வைத்திருந்த எசமானின் சடங்கைத் தானே செய்து முடிக்கத் துடிக்கிறான். ஏழாயிரம் உயிர்கள் அதற்குப் பலி. அவனைத் தடுப்பதற்கு ஓர் உரையாடல், ஓர் உருட்டல். நன்றாகப் பழகியிருந்தால் எளிது, இல்லாவிட்டால் கடினம், ஆனாலும் உருட்டலாம். தோற்றால் சேவ் கோப்பை மீண்டும் லோட் செய்து இன்னொரு முறை உருட்டலாம். இப்படிப் பல இடங்களில் ஒருவருடைய மனம் இருபது முக எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. அலிஸ்டருக்கு முன்னால் நிற்கும்போது உருட்ட எதுவும் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரே சேவ் மட்டும் அனுமதிக்கும் ஹானர் மோட் இதற்கு ஓரளவு மருந்து, ஆனால் அது சண்டைகளையும் கடினமாக்கும், முதல்முறை ஆடுபவருக்கு அல்ல. அதற்குப் பதில், தோழர்களின் விஷயத்தில் மட்டும் லோட் செய்யமாட்டேன் என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். கேம் அப்போது வேறு உயரத்துக்குப் போகும்.

வெயில்கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சண்டை விறுவிறுப்பு, ஊர்கள் கண்ணுக்கு விருந்து. ஏழு தோழர்கள், ஒவ்வொருவருக்கும் நீண்ட தனிக்கதை. ஆனால் நாயகன் ரூக் எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே நல்ல மனிதர்தான். கோபமான பதிலும் பணிவாகவே ஒலிக்கிறது. நாம் பேசுவதைப் பிடிக்காமல் யாரும் அணியை விட்டுப் போவதில்லை. ஆரம்பத்தில் டிராகன்கள் இரண்டு நகரங்களைத் தாக்கும்போது ஒன்றைத்தான் காக்க முடியும். மினராத்தஸைக் கைவிட்டால் நீவ், ட்ரெவிசோவைக் கைவிட்டால் லூகானிஸ் மனம் இறுகிப்போவார்கள். நல்ல தொடக்கம். அந்தக் காயம் பின்னால் போதுமான அளவு பேசப்படவில்லை. முந்தைய பாகங்களிலிருந்து நம் முடிவுகளில் மூன்றைத்தான் இது கேட்டு வாங்கிக்கொள்கிறது. அவையும் மூன்றாம் பாகமான இன்குவிசிஷனைச் சேர்ந்தவை. அலிஸ்டரை அரசனாக்கினோமா, குடிகாரனாக்கினோமா என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

ஆனாலும் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். டியர்ஸ்டோன் தீவில் ஒரு அணிக்குத் தலைமை தாங்க ஹார்டிங், டாவ்ரின் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இறந்துவிடுவார், எதுவும் காப்பாற்றாது. கடைசிப் பயணத்தில் யாருடைய கதையை முழுதாக முடித்தோம், யாரை எந்த வேலைக்கு அனுப்பினோம் என்பதைப் பொறுத்து இன்னும் சிலர் சாகலாம். கேமின் சிறந்த மணித்துளிகள் அவை. அதுவரை யாரும் நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாததால், அந்தச் சாவு அடிக்க வேண்டிய அளவுக்கு என்னை அடிக்கவில்லை.

இந்த நான்கையும் முடித்து இன்னும் பசி இருப்பவர்களுக்கு ஆவ்ல்கேட் எடுத்த பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ் (2021) இருக்கிறது. நகரும் படையின் வேகம் குறையக்கூடாது என்பதற்காகத் தன் காயம்பட்ட வீரர்களையே கொன்றுவிடும் ரெகில் போன்ற தோழர்கள் அதில் உண்டு. நாமே பூச்சிக்கூட்டமாக மாறும் பாதையை எடுத்தால் தோழர்கள் யாருமே மிஞ்சமாட்டார்கள். ஆனால் விதிகள் அடர்த்தி, வாசிக்க வேண்டியது மலையளவு. முதல் ஆர்பிஜியாக வேண்டாம்.

இனி வாங்கும் முடிவுக்கு வருவோம். கம்ப்யூட்டரை முதலில் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம், அதுவும் எஸ்எஸ்டியில் வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். வெயில்கார்டுக்கு 100 ஜிபி. ஒரிஜின்ஸும் இரண்டாம் பாகமும் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடிவிடும், தள்ளுபடி நாட்களில் விலையும் வெகுவாக இறங்கும். ஒரிஜின்ஸ் பழைய 32-பிட் நிரல் என்பதால் புதிய விண்டோஸில் நினைவகம் போதாமல் நடுவில் நின்றுபோகும். ரசிகர்கள் பயன்படுத்தும் 4 ஜிபி பேட்ச்சைப் போட்டால் பெருமளவு சரியாகும். அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

மொழியும் ஒரு காரணம். இந்த நான்கில் எதிலும் தமிழ் எழுத்தும் இல்லை, தமிழ்க் குரலும் இல்லை. ஆங்கிலம் வேகமாக வராதவர்களுக்கு ஒரிஜின்ஸ் உதவும். அதில் நாயகனுக்குக் குரல் கிடையாது, சொல்லப்போகும் வாக்கியம் முழுதாகத் திரையில் இருக்கும், நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் பாகத்திலும் வெயில்கார்டிலும் இரண்டு மூன்று சொற்களில் சுருக்கம்தான் தெரியும். அருகிலுள்ள சின்னம் அது பணிவா, கேலியா, கோபமா என்று காட்டும். தேர்ந்தெடுத்த பிறகு இரண்டாம் பாகத்தில் நம் பாத்திரமான ஹாக் வாயிலிருந்து நாம் நினைக்காத வாக்கியம் வந்து, அதற்காகத் தோழன் ஃபென்ரிஸ் முறைப்பது உண்டு. சாய்ஸ் குறைவதிலேயே எனக்குப் பிடிக்காத வகை இதுதான். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் சொன்னதற்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது?

என் பரிந்துரை இது. தோழர்களுக்காக ஆடுகிறீர்கள் என்றால் ஒரிஜின்ஸை முதலில் எடுங்கள். ஷேல் என்ற கல் தோழரும் விரிவாக்கமும் சேர்ந்த அல்டிமேட் எடிஷனையே வாங்குங்கள். படங்களின் பழமையும் மெதுவான சண்டையும் உங்களால் பொறுக்கவே முடியாது என்றால், கம்ப்யூட்டரும் தாங்கும் என்றால், பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுங்கள், நான் மேலே சொன்ன விதியோடு. நண்பர்களோடு சேர்ந்து ஆட விரும்புகிறவர்களுக்கும் அதுதான், மற்ற மூன்றும் தனியாக ஆடுபவை. டிராகன் ஏஜ் 2-ஐ முதல் கேமாக நான் யாருக்கும் சொல்லமாட்டேன், ஆனால் ஒரிஜின்ஸ் முடித்தவர்கள் அதைத் தவறவிடவும் கூடாது. ஆடும்போது தோழர்களில் ஒருவரையாவது முழுப் போட்டிக்குத் தள்ளிப் பாருங்கள், அதற்கு மெரில் பொருத்தமானவள். வெயில்கார்டைச் சண்டைக்காகவும் காட்சிகளுக்காகவும் நல்ல தள்ளுபடியில் வாங்கலாம்.

ஒரிஜின்ஸை முடித்ததும் அதை அழித்து இடம் காலி செய்ய அவசரப்பட வேண்டாம். கடைசி சேவ் கோப்பை வேறு இடத்தில் பத்திரமாகப் பிரதியெடுத்து வையுங்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போதே அதைக் கேட்கும். கொடுத்தால் அலிஸ்டர் உங்கள் முடிவுப்படியே அரசனாகவோ, வார்டனாகவோ, குடிகாரனாகவோ கர்க்வாலில் எதிர்ப்படுவான். கொடுக்காவிட்டால் பயோவேர் தயாராக எழுதிவைத்திருக்கும் கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.